கப்பலுக்குப் பல்வலி

முஃபீதாவுக்குக் காலையிலிருந்தே எரிச்சலாக இருந்தது. காரணம், கப்பல்.

கடலில் போகும் கப்பல் இல்லை. அவள் வீட்டுப் பூனை. குண்டு வயிற்றைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி நடந்ததால் வாப்பா வைத்த பெயர் அது. இப்போது அந்த வயிறு இல்லை. ஆட்டம் மட்டும்தான் மிச்சம்.

முஃபீதா பிறப்பதற்கு முன்பே கப்பல் அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால் தம்பி அய்மன் அதைக் 'கப்பல் காக்கா' என்றுதான் கூப்பிடுவான். மேலப்பாளையத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். ஒரு பூனையைப் பார்த்துச் சிறுவன் "காக்கா, காக்கா" என்று கத்துவதைக் கேட்டால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் தலையைத் தூக்கி வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

"மியாவ்" என்றது கப்பல்.

"இப்பத்தானே வச்சேன்?" என்றாள் முஃபீதா.

"மியாவ்."

எவர்சில்வர் தட்டில் வேகவைத்த சாளை மீன் அப்படியே இருந்தது. கப்பல் ஓடிவந்து மோந்து பார்த்தது. ஒரு துண்டை வாயில் எடுத்தது. உடனே தலையை உதறியது. மீன் பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. கப்பல் தட்டைப் பார்த்து ஒரு சீறல் சீறிவிட்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

"மியாவ்."

முஃபீதா ரஸ்க் வைத்தாள். துப்பியது. முட்டை வைத்தாள். துப்பியது. பால் வைத்தாள். நாலு நக்கு நக்கிவிட்டு, மிச்சத்தைக் காலால் தட்டிவிட்டது.

"இது பூனையா, கல்யாண வீட்டு சம்பந்தியா?" என்றாள் உம்மா, தரையைத் துடைத்தபடி. "எது வச்சாலும் குத்தம். வீடு பூரா மீன் வாடை அடிக்கு. நாளும் கெழமையுமா இது வேற."

உம்மா நாளும் கிழமையும் என்று சொன்னது யாசர் மாமாவின் கல்யாணத்தை. உம்மாவின் தம்பியான அவரும் அதே வீட்டில்தான் இருந்தார். அடுத்த வாரம் நிக்காஹ். வாப்பா சவூதியில் வேலை பார்த்ததால், எல்லா வேலையும் உம்மா தலையிலும் மாமா தலையிலும்தான். கப்பலைப் பார்த்துக்கொள்வது முஃபீதாவின் தலையில்.

அன்று மதியம் மாமா பத்தமடையிலிருந்து கல்யாணப் பாயை வாங்கிக்கொண்டு வந்தார். பாயைக் கூடத்தில் விரித்ததும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பட்டுத்துணி மாதிரி மெல்லிசான பாய். நடுவில் பச்சையும் சிவப்புமாகப் பெயர் நெய்திருந்தது.

யாசர் – நஃபீஸத்.

"தொடாதீங்க. பாக்க மட்டும்தான்" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் வந்தது. சமையலறையில் கிடந்த மீன் துண்டு ஒன்று அதன் வாயில் இருந்தது. பாயின் நடுவில் வந்து நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கடி கடித்தது. அப்புறம் வழக்கம்போலத் தலையை உதறியது.

மீனும் எச்சிலும் சேர்ந்து 'யா'வின் மேல் விழுந்தன.

அய்மன், அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்த ஆசையில், விரலை வைத்துப் படித்தான். "ச... ர்... சர். சர் நஃபீஸத். மாமா, ஒங்க பேரு சர்ரா?"

மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

"போதும். நாளைக்குக் காலையில இதைக் கொண்டுபோய் மீன் சந்தையில விட்டுருதேன். அங்கன எம்புட்டு வேணும்னாலும் தின்னட்டும், எம்புட்டு வேணும்னாலும் துப்பட்டும்."

மற்ற நாளாக இருந்தால் உம்மா குறுக்கே பேசியிருப்பாள். அன்று அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய்த் தொலையட்டும் என்று முஃபீதாவுக்கே ஒரு நிமிடம் தோன்றியது. காலையிலிருந்து அவள் எத்தனை தடவைதான் தட்டு கழுவுவாள்?

அவள் ஈரத்துணியை எடுத்துவந்து, கோரை நனைந்து ஊறிவிடாமல் பைய ஒற்றி ஒற்றித் துடைத்தாள். 'யா' மெதுவாக வெளியே வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து அய்மன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கோணல்மாணலாக மென்றான்.

"ஏம்லே தலையைச் சாய்ச்சுக்கிட்டுத் திங்கே? நேரா இருந்து தின்னு" என்று முஃபீதா எரிந்து விழுந்தாள். அவளுக்கு யார் மேலாவது விழவேண்டியிருந்தது.

"இந்தப் பக்கம் பல்லு ஆடுது லாத்தா. கடிச்சா வலிக்கி. அதான் அந்தப் பக்கமாத் திங்கேன்."

முஃபீதாவின் கை நின்றுவிட்டது.

தலையைச் சாய்ப்பது. ஒரு பக்கமாகக் கடிப்பது. திடீரென்று துப்புவது.

அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். இருட்டில் கப்பலின் கண்கள் இரண்டும் பளபளத்தன. மோவாய் எச்சிலால் நனைந்திருந்தது. வாயிலிருந்து கெட்ட வாடை வந்தது. அது மீன் வாடை இல்லை. முதுகில் கை வைத்தபோது எலும்பு தட்டுப்பட்டது. நாள் முழுவதும் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் கப்பலின் ரோமம், இப்போது சடைசடையாக ஒட்டிக் கிடந்தது.

'இவ்வளவு நாள் நான் எதைப் பார்த்தேன்?' என்று முஃபீதா நினைத்தாள். 'தட்டைத்தான் பார்த்தேன். இவனைப் பார்க்கவே இல்லை.'

மீன் சந்தையில் அலையும் பூனைகளை அவளுக்குத் தெரியும். ஒரு மீன் தலைக்கு ஒன்றின் முகத்தை ஒன்று கிழிக்கும். அங்கே கப்பல் என்ன செய்யும்?

ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? 'கொழுப்பு' என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அவள் உம்மாவின் செல்போனை எடுத்தாள். சமையலறை மூலையில் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டாள். தட்டில் மீனை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மாலையில் உம்மாவையும் மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள்.

"பூனை திங்கதை எல்லாம் படம் புடிச்சு வச்சிருக்கியா?" என்றாள் உம்மா.

"திங்கதை இல்லம்மா. பாருங்க."

வீடியோவில் கப்பல் ஓடிவந்தது. மீனைக் கவ்வியது. தலையைச் சாய்த்தது. யாரோ ஊசியால் குத்தியதுபோல் துள்ளியது. மீன் பறந்தது. முன்னங்காலால் தன் வாயைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டது. சீறிவிட்டு ஓடியது.

"பாத்தியா, கொழுப்பு" என்றார் மாமா.

"இன்னும் முடியல மாமா."

கப்பல் திரும்பி வந்தது. இந்தத் தடவை தட்டில் மிச்சம் இருந்த மீனைத் தொடவில்லை. தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தது. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டது. வீடியோ முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"பசிக்கலன்னா போயிருப்பான்லா?" என்றாள் முஃபீதா. "இவன் தட்டைப் பாத்துக்கிட்டே இருக்கான். திங்கணும்னு ஆசை இருக்கு. வாய் வலிக்கி மாமா."

உம்மா போனை வாங்கி, அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி ஓடவிட்டாள். அவள் முகம் மாறியது.

"யாசர், போன நோம்புல ஒனக்குப் பல்வலி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு நீ அழுத அழுகையில தெருவே முழிச்சிருந்துச்சு."

"அது கடவாப் பல்லு" என்றார் மாமா, கன்னத்தைத் தடவிக்கொண்டே. "அது வேற."

"என்ன வேற?"

மாமா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "சரி. நம்ம தலைவலி மாத்திரையில பாதியை உடைச்சுக் குடுத்துப் பாப்பமா?"

"வேண்டாம்" என்றாள் முஃபீதா. "டாக்டர்ட்ட கேக்காம ஒண்ணும் குடுக்கக் கூடாது. நாளைக்குச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி எடுப்பீங்கல்லா? அதே வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

மறுநாள் காலை மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று வந்தது. கப்பலை அதற்குள் இறக்குவதற்குள் அந்த வீடே ஒரு வழியாகிவிட்டது.

மாமா தூக்கினார். கப்பல் நாலு காலையும் விரித்துக் கூடையின் நாலு ஓரத்திலும் ஊன்றிக்கொண்டது. ஒரு காலை உள்ளே தள்ளினால் இன்னொரு கால் வெளியே வந்தது. உம்மா ஒரு காலைப் பிடித்தாள், மாமா இரண்டு காலைப் பிடித்தார். அய்மன் வாலைப் பிடித்தான். யாரும் அவனைப் பிடிக்கச் சொல்லவில்லை.

"இதுக்கு மொத்தம் எத்தனை காலு?" என்றார் மாமா மூச்சு வாங்க.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள் முஃபீதா.

அவள் தன் பழைய பாவாடையைக் கூடைக்குள் விரித்தாள். கப்பலை மடியில் வைத்துக் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தலையைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை முதலில் கூடைக்குள் இறக்கினாள். எங்கே போகிறோம் என்பது கப்பலுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது மூடி விழுந்துவிட்டது.

மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாமா வண்டி ஓட்ட, பின்னால் முஃபீதா கூடையை அணைத்தபடி உட்கார்ந்தாள். கொக்கிரகுளம் பாலம் வருவதற்குள் கப்பல் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. சின்னக் குழந்தை அழுவதைப்போலவே இருந்தது அந்தச் சத்தம்.

பக்கத்தில் வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏலே தம்பி, புள்ளையைக் கூடையில போட்டு மூடியா கொண்டு போற?"

"புள்ளை இல்ல அண்ணாச்சி, பூனை."

"பூனையையும் அப்படிக் கொண்டு போகக் கூடாதுல்லா?"

மாமா வேகத்தைக் கூட்டினார்.

டாக்டர் இசக்கித்தாய் கப்பலை ஒரு துண்டில் சுற்றி, உதட்டை மெல்லத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். முஃபீதாவும் எட்டிப் பார்த்தாள். ஈறு ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. பல் எல்லாம் பழுப்பு. பின்னால் இருந்த இரண்டு பற்கள் பாதி கரைந்து போயிருந்தன.

"யம்மா" என்றார் மாமா. அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"இந்த ரெண்டையும் எடுத்துறணும்" என்றார் டாக்டர். "ரொம்ப நாளா வலி இருந்திருக்கும். பூனைங்க வலியை வெளிய காட்டிக்கிடாது. வயசான பூனைங்கிறதுனால மயக்க மருந்து குடுக்கதுக்கு முன்னாடி ரத்தம் பாக்கணும். எல்லாம் சரியா இருந்தா நாளைக்கே எடுத்துரலாம். வீட்டு மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?"

"இல்லை."

"நல்ல வேளை. நம்ம தலைவலி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் பூனைக்கு விஷம்."

மாமா கூரையைப் பார்த்தார்.

ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. பல்லை எடுக்கும் நாள் காலையில் ஒன்றும் தின்னக் கொடுக்கக்கூடாது என்றார் டாக்டர். இத்தனை நாள் தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்த கப்பல், மறுநாள் காலை முஃபீதாவின் பின்னாலேயே வந்து, காலில் உரசி உரசி, பசிக்குது பசிக்குது என்று ஊரைக் கூட்டியது.

"ஒனக்கு இன்னிக்குத்தானா பசிக்கணும்?" என்று முஃபீதா அதைத் திட்டிக்கொண்டே கூடையில் இறக்கினாள்.

அறுவை சிகிச்சை நடந்தபோது அவளும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மயக்கத்திலிருந்து விழிக்காமலே போய்விட்டால்? முஃபீதா கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடுமோ என்று இருந்தது. மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை பேசியது பெண்ணின் வாப்பா.

"ஆஸ்பத்திரில இருக்கேன் மாமா" என்றார் மாமா. "எனக்கு ஒண்ணும் இல்ல. கப்பலுக்குப் பல்லு எடுக்காங்க... கப்பல்தான்... இல்ல மாமா, தூத்துக்குடி இல்ல, மேலப்பாளையம்..."

முஃபீதாவுக்கு அழுகை வர வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

நல்லபடியாக முடிந்தது. கப்பல் தள்ளாடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. வலிக்கு ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். "மெத்துனு உள்ளதாக் குடுங்க. முள்ளை எடுத்து, உப்பு உறைப்பு இல்லாம, நல்லா மசிச்சு, இளஞ்சூடா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள திங்கலன்னா திரும்பக் கொண்டு வந்துருங்க. பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுப்போயிரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கப்பல் தின்னவில்லை.

முஃபீதா மீனை மசித்து வைத்தாள். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கோழியை வேகவைத்து அரைத்து வைத்தாள். தட்டு தரையில் பட்டு 'டங்' என்றதுமே கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் மருந்தைக் கொடுத்தாள். பாதி மருந்து அவள் சட்டையில் வந்து விழுந்தது.

மாலையில் வந்து பார்த்தால், வைத்தது வைத்தபடியே இருந்தது.

"இன்னுமா திங்கல?" என்றாள் உம்மா. "இனிமே ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்க வேண்டியதுதான்."

முஃபீதாவுக்குப் பொறுமை போய்விட்டது. கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினாள்.

"ஒனக்குத்தான் பல்லு சரியாயிடுச்சுல்லா? இன்னும் என்ன? திங்காட்டிப் போ. எனக்கென்ன? நீ என்ன என் சொந்தக் காக்காவா?"

சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். அவித்த மீன் ஒரு துண்டு பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கோபத்திலேயே முள்ளை ஒவ்வொன்றாக உருவினாள். கோபத்திலேயே விரலால் மசித்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது.

கையில் ஏதோ சொரசொரப்பாகப் பட்டது.

அவள் அசையவில்லை. கப்பல் வந்து நின்றுகொண்டு அவள் விரலை நக்கியது. சுட்டுவிரல். அடுத்தது நடுவிரல். விரல் இடுக்கில் இருந்த மீனை எல்லாம் நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

முஃபீதா மூச்சுவிடாமல் இன்னும் கொஞ்சம் மீனை விரலில் எடுத்து நீட்டினாள். கப்பல் நக்கியது. துப்பவில்லை. தலையை உதறவில்லை.

"அய்மன்" என்று அவள் மெல்லக் கூப்பிட்டாள். "பைய அந்தத் தட்டை எடுத்துட்டு வா."

அய்மன் தட்டைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். 'டங்.' கப்பல் காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது.

முஃபீதாவுக்குப் புரிந்துவிட்டது. தட்டு வைத்தால் வலிக்கும் என்று கப்பல் நினைக்கிறது. பல்லை எடுத்தாயிற்று என்பது அவளுக்குத் தெரியும். கப்பலுக்கு யார் சொன்னார்கள்?

"தட்டைக் கொண்டு போ" என்றாள்.

கொல்லையில் நின்ற வாழையில் ஓர் இலைத் துண்டைக் கிள்ளிக் கழுவினாள். படியில் விரித்தாள். சத்தமே இல்லை. விளிம்பும் இல்லை. மீனை அதன் நடுவில் வழித்து வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டாள்.

கப்பல் இலையைச் சுற்றி வந்தது. மோந்தது. சந்தேகமாக அவளைப் பார்த்தது. பிறகு குனிந்தது.

நக்கும் சத்தம் கேட்டதும் உம்மா கொல்லை வாசலில் வந்து நின்றாள். மாமா வண்டிச் சாவியோடு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மீன் குறையக் குறைய, பச்சை இலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது.

மாமா சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"நல்லா இருக்கு நியாயம். கல்யாண மாப்பிள்ளை நானு. எனக்கே நாலு பேரோட சேந்து ஒரே சகன் தட்டுலதான் சோறு. இதுக்கு மட்டும் தனி இலையா?"

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முஃபீதாவுக்கு முதுகில் இருந்த மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தாள்.

"மியாவ்."

இலை பளிச்சென்று காலியாக இருந்தது. கப்பல் அதன் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"மியாவ்."

"லாத்தா" என்றான் அய்மன். "காக்கா மறுசோறு கேக்கான்."

"இவனோட பெரிய தொல்லையாப் போச்சு" என்று முனகிக்கொண்டே முஃபீதா எழுந்து, மீன் மசிக்க ஓடினாள்.